கதவு நிலையில் ஒரு கப்பி

வலக்கைக்கு நாற்பது பாகை.
பிறேமிளா அளவுகோலைத் தோளில் வைத்துப் பார்த்து
சிவப்புக் கொப்பியில் எழுதுகிறா.
கேத்திர கணிதத்துக்கு நான் கடைசியாய் எடுத்ததைவிட
இரண்டு கூட.

சுன்னாகம் தபாற்கந்தோரில்
இருபத்தாறு வருசம் முத்திரை குத்தின கை.
ஒருநாள் காலமை
சட்டையின் பின்கொளுக்கி எட்டவில்லை.
அடுத்த மாதம் தலைமுடி எட்டவில்லை.
பிறகு பஸ்ஸின் மேல்கம்பி.
இரவில் அந்தப் பக்கம் சரிந்து படுத்தால்
ஆரோ எலும்புக்குள் இருந்து
திருகாணி இறுக்கினார்கள்.

உறைஞ்ச தோள், என்றார் பெரிய டொக்டர்.
சீனி வருத்தக்காரருக்குக் கூடுதலாய் வருமாம்.
மூட்டைச் சுற்றின உறை தடித்துச் சுருங்கி
மழையில் நனைந்து காய்ந்த சப்பாத்துப்போல் ஆகிவிடுமாம்.
ஸ்காபரோத் தம்பிக்குச் சொன்னேன், சிரித்தான்:
"பனி அள்ளுறது நான்,
உறைஞ்சது நீயோ?"

எனக்குத் தெரிந்த உறைதல்
மார்கழிக் காலமை, போத்தலுக்குள் தேங்காயெண்ணெய்.
ஈர்க்கால் குத்தி எடுக்கப் பார்ப்பவள் அவசரக்காரி.
வெயிலில் வைத்தால் தன்பாட்டில் இளகும்.
கத்தி வேண்டாம் என்று அவர் சொன்னபோது
இதைத்தான் நினைத்தேன்.
ஒரு ஊசி, பயிற்சி, ஒன்றரை வருசப் பொறுமை.
ஊசி போட்ட கிழமை
சீனி இருநூற்றெண்பதுக்கு ஏறியது.
கை ஏறவில்லை.

வாங்கில் எனக்குப் பக்கத்தில் அனுசாந்தன்,
ஆவரங்கால் பொடியன்.
கரப்பந்தில் பாய்ந்து அடிக்கப்போய்
மூன்று தரம் தோள் கழன்றவன்.
முதல்தரம் மைதானத்திலேயே ஆரோ இழுத்துப் போட்டதைப்
பெருமையாய்ச் சொல்கிறான்
(டொக்டர் அதற்குத்தான் கூடப் பேசினாராம்).
கிண்ணத்தின் விளிம்பு கிழிந்ததைச்
சின்னத் துளை வழியே நூல் விட்டுத் தைத்திருக்கிறார்கள்.
மூன்று தழும்பையும் காட்டினான்,
நுளம்புக்கடி அளவு.

அங்கால் நகுலேசர்,
பருத்தித்துறை பஸ்ஸின் கொண்டக்ரர்.
மிதிபலகையில் தொங்கினபடி
வெங்காய மூட்டை ஏற்றி இறக்கி
தசைநார் எலும்பைவிட்டுக் கழன்றுபோச்சு.
அதை ஆணி அடித்துக் கட்டின பிறகு
ஆறு கிழமை தூக்குப்பட்டி.
இடக்கையால் சாப்பிட வெட்கம்,
ஊட்டச் சொல்லிக் கேட்க அதைவிட வெட்கம்,
ஆள் மெலிந்துபோனார்.

"அக்கா, கையைத் தூக்குங்கோ."

இதே சொல்லை முந்தியும்
எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.
"தூக்குங்கோ" என்றல்ல.
அவ்வளவு தமிழ் அவர்களுக்குத் தெரியாது.
நாவற்குழியில், சைக்கிளைச் சரித்துப் போட்டுவிட்டு,
இரண்டு கையும் நூற்றெண்பதுக்குத்
தாமாகவே போயின.
தோளில் ஒரு நோவும் இல்லை.
பிறேமிளாவுக்கு அப்போது மூன்று வயசிருக்கும்.

"நோகுதோ? முகம் மாறிப்போச்சு."
"இல்லைப் பிள்ளை. அளவுங்கோ."

வீட்டில் ஒரு கப்பி கட்டச் சொன்னா.
மோட்டர் பூட்டின நாளிலிருந்து
கோழிக்கூட்டுக்கு மேல் கிடந்தது கிணற்றுக் கப்பி.
இவர் அதைக் கதவு நிலைக்கு மேல் கட்டித் தந்தார்,
ஒரு சொல்லும் சொல்லாமல்,
மூன்று ஆணியை வளைத்து.
கதிரையில் இருந்து
நல்ல கையால் இழுக்க
மற்றது ஏறுகிறது, கிறீச், கிறீச்,
தண்ணீர் இல்லாத வாளி.
மதிலுக்கு மேலால் சறோசினி:
"என்ன, மோட்டர் பழுதோ?"

பிறகு சுவர்.
விரலால் விரலால் ஏறி
எட்டின இடத்தில் பென்சில் கோடு.
புதன்கிழமைக் கோடு
சுவிச்சுக்கு ஒரு சாண் மேல்.
இன்று அதற்குக் கீழே நிற்கிறேன்.
கீழே கோடு போடவில்லை.
நாளைக்குக் கேட்டால்
புதன்கிழமையைத்தான் சொல்வேன்.

ஆனால் அவ
கேட்கமாட்டா,
அளப்பா.