இருநூறாவது விற்பனை

இருநூறாவது விற்பனையோடு
சந்தை கதவைச் சாத்திவிட்டுக் கேட்டது:
முழுப்பெயர், நிரந்தர முகவரி, வரி இலக்கம்.
உள்ளே கிடக்கிறது
என் நூற்றுப் பதினாறு டொலர்.

யதுர்சன்.
வங்கிப் புத்தகத்தில் மட்டும்
ஆங்கிலத்தில் ஒரு எச் கூட.
அதையும் பிடித்துவிட்டார்கள்.

ஒட்டுசுட்டான் சந்தி தாண்டி
மூன்றாவது மதகு, இடப்பக்கம்
என்று எழுதினேன்.
வீதியின் பெயர் கட்டாயம் என்றது
சிவப்பு எழுத்து.

வரி இலக்கத்துக்கு முதலில்
விதானையாரின் கடிதம் வேண்டுமாம்.

"என்ன வியாபாரம் தம்பி?"
"துவக்கு."
வாய் முந்திவிட்டது.

பேனை நின்றது.
வாசலில் மோட்டார்சைக்கிளோடு நின்ற அண்ணன்
தலைக்கவசத்தைக் கழற்றினான்.

"இல்லை ஐயா, கேமுக்குள்ள துவக்கு.
அதுவும் துவக்கில்லை, மேல் நிறம் மட்டும்.
மஞ்சளில கறுப்பு வரி..."

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம்,
நிறுத்தினேன்.

விதானையார் எழும்பிப் போய்
யன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.
தொழில் என்ற கோட்டுக்கு மேலே
மெதுவாக எழுதினார்:
வர்ணம் பூசுதல்.

முத்திரையை ஊதிக் காயவிட்டபடி,
"இதுக்கும் ஆக்கள் காசு தருவினமோ?"
"தருவினம் ஐயா.
வரியைக் கழிச்சுப்போட்டு."

மூன்றாவது மதகு வரை அண்ணன் பேசவில்லை.
பிறகு வண்டி ஆடியது,
அவன் சிரிப்பில்.