மூடிய இடது கை

எங்கள் ஊரைப் பற்றிய பட்டியல் உங்களுக்கும் தெரிந்திருக்கும்:
ராஜா இல்லாத கோட்டை,
தண்ணீர் இல்லாத ஆறு,
சாமி இல்லாத கோயில்.
சாமி திரும்பி வந்து நாற்பது வருடமாகிறது,
பட்டியலுக்குத்தான் தகவல் போகவில்லை.
பெண்களைப் பற்றியும் ஒரு வரி உண்டு,
அதை நான் சொல்வதில்லை.
என் பங்குக்கு ஒன்று சேர்க்கிறேன்:
பந்து இல்லாத கேட்சர்.

அக்னி நட்சத்திரத்தின் மூன்றாம் நாள், காட்பாடி மைதானம்.
ஒன்பதரைக்கே சுண்ணாம்புக் கோடு கண்ணைக் குத்தியது.
அணைக்கட்டுப் பெண்கள், குடியாத்தம் பெண்கள்,
நடுவில் முகமூடிக்குள் நான்.

எப்சிபா இரண்டாவது பேஸை விட்டுக் கிளம்பிவிட்டாள்.
ஆம்பூரில் தைத்து, ஏற்றுமதியில் கழித்த ஷூ.
மூன்றாவதைச் சுற்றும்போது சோல் பாதி பிய்ந்து
தட் தட்டென்று அவள் பின்னாலேயே ஓடிவந்தது.
ஹோமுக்கு முன்னால் நிலோஃபர்,
கோட்டின் மேல் காலை அகட்டி நிற்கிறாள்.
பந்து அப்போதுதான்
தூரத்தில் ஒரு கையை விட்டுப் புறப்படுகிறது.

என் இடது கை பக்கவாட்டில் நீண்டது, விரல்கள் மூடி.
யாரும் கவனிக்கவில்லை.
பார்த்துவிட்டேன் என்று கை சொல்ல வேண்டும்,
வாய் பொறுத்திருக்க வேண்டும்,
ஆட்டம் அது பாட்டுக்கு ஓட வேண்டும்.

எப்சிபா தயங்கினாள், ஒதுங்கினாள்.
பந்து வந்தது. கிளவுஸ் அவள் தோளைத் தொட்டது.
குடியாத்தம் பக்கம் விசில்.
அதற்குப் பிறகுதான் இரண்டு கையையும் உயர்த்தினேன்.
டெட் பால். ஹோம் அவளுக்கு.

"தொட்டுட்டேனே மேடம்!"
தொட்டாய், நிலோஃபர்.
வெறுங்கையோடு நின்றாயே, அதற்கு முன்னால்?

ஐந்தாவது இன்னிங்ஸில் அதே எப்சிபா,
முதல் பேஸிலிருந்து தலை குனிந்து ஓடினாள்.
தரையோடு உருண்டு வந்த பந்துக்குக்
குனிந்திருந்த சசிரேகா மேல் மோதினாள்.
இருவர் முழங்காலிலும் செம்மண்.
இந்த முறை கை காத்திருக்கவில்லை.
ஆட்டம் அங்கேயே நின்றது. அவுட்.

"வேணும்னு இடிக்கல மேடம்."
தெரியும். தெரிந்தும் அவுட்.
விதிப் புத்தகத்தில் எனக்குப் பிடிக்காத பக்கம் அது.

தணிகாசலம் சார் பாய்ந்து வந்தார்:
"காலையில பாதை அவளுதுன்னீங்க, இப்ப இல்லைங்கறீங்க!"
பாதைக்குப் பட்டா கிடையாது சார்.
அடித்த பந்தை எடுக்கக் குனிகிறவளுக்கு
அந்த நேரம் வரைக்கும் சொந்தம்.
எடுத்து எறிந்துவிட்டால் ஓடுகிறவளுக்கே திரும்பிவிடும்.
குறுக்கே நிற்பது ஒன்று, குறுக்கே பாய்வது வேறு.
அவர் தாலுகா ஆபீஸ் சர்வேயர்.
பட்டா என்றதும் சிரித்துவிட்டார்.

முடிந்ததும் கால் கவசத்தை அவிழ்த்தபடி நிலோஃபர் கேட்டாள்:
"நான் நிக்காட்டி அவ வந்து சேந்திருப்பான்னு
எப்படி மேடம் சொல்றீங்க?
சோலு கழண்டிருந்துச்சே."

தடுக்காதிருந்தால் எதுவரை போயிருப்பாளோ
அதுவரை கொடு என்கிறது விதி.
நடக்காத ஓட்டத்தை
நான் ஒருத்தி நின்று கடைசிவரை பார்க்க வேண்டும்.
ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போடு என்றேன்.
பதில் இல்லாதபோது அப்படித்தான் ஏதாவது சொல்வேன்.

டவுன் பஸ் ரயில்வே பாலத்தில் நின்றுவிட்டது.
கல்யாணத்துக்கு முந்தைய வருடம்
பயிற்சியாளர் படிப்புக்கு எனக்கு ஒரு கடிதம் வந்தது.
பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில், ஆறு மாதம் இருந்தது.
யாரும் வேண்டுமென்றே வைக்கவில்லை என்றார்கள்.
இருக்கலாம்.
எதுவரை போயிருப்பேன்? இரண்டாவது? மூன்றாவது?
என் காலிலும் அப்போது நல்ல ஷூ கிடையாது.

பெண்களுக்குக் கட்டணமில்லை.
கண்டக்டர் வெறும் டிக்கெட்டை நீட்டிக்கொண்டு நின்றார்.
வலது கை கம்பியில்.
வாங்குவதற்காக இடது கையைத் திறந்தேன்,
நகம் பதிந்த தடம் நாலு.