நிறுத்து வாங்கி, முகந்து விற்று

ஓண்டாங்வா கிடங்கின் தராசில்
எண் சிவப்பாக எரிகிறது:
நான்கு, புள்ளி, ஐந்து ஐந்து.

"ஐந்து," என்கிறாள் தூயாகூலா.
"வீட்டில் ஐந்து. வண்டியில் ஐந்து.
கேனின் கழுத்துக் கோட்டைப் பார், ஐந்து.
உன் மேசைக்கு வந்ததும், நெலாகோ,
நானூற்றைம்பது எங்கே போயிற்று?"

மேசைக்கு அடியில் இல்லை, மெமே.
என் பையிலும் இல்லை.
மருலா எண்ணெய் தண்ணீரைவிட லேசு.
லிட்டரைப் புள்ளி ஒன்பது ஒன்றால் பெருக்கினால் கிலோ.
சுவரில் ஒட்டியிருக்கிறது.
நான்தான் ஒட்டினேன்.

அவள் சுவரைப் பார்க்கவில்லை.
கொட்டை உடைத்து உடைத்து நகம் பிளந்த கட்டைவிரலால்
மூடியை இறுக்கினாள்.
பின்னால் பதினோரு பெண்கள்,
பதினோரு கேன்கள்,
பதினோரு 'எங்கே போயிற்று'.

அடுத்த வியாழன்
அதே கேனில் தண்ணீர் கொண்டுவந்தாள்.
நாற்பது கிலோமீட்டர், வண்டிக் கூலி கொடுத்து,
தண்ணீர்.
கேனின் எடையைத் தராசு கழித்துக்கொண்டது.
ஐந்து, புள்ளி, பூஜ்யம் பூஜ்யம்.
"தராசு யோக்கியம்தான்," என்றாள் வரிசையைப் பார்த்து.
நான் ஜெயித்துவிட்டதாக நினைத்து
ரசீதுப் புத்தகத்தை இழுத்தேன்.

"இரு."

துணிப் பைக்குள் கைவிட்டு
சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்றை எடுத்தாள்.
தங்க மூடி. சொட்டுக் குழாய். எங்கள் மரத்தின் படம்.
விண்ட்ஹுக்கில் வேலைபார்க்கும் தங்கை
யாருடைய குளியலறைக் குப்பையிலோ பொறுக்கியது.

"படி."
முப்பது மில்லி.
"கிராம் எங்கே?"
திருப்பினேன். அடியில் பார்த்தேன்.
பழைய எண்ணெயின் வாடை மட்டும்.

"நிறுத்து வாங்குகிறீர்கள்.
முகந்து விற்கிறீர்கள், முகத்துக்கு.
லேசு என்பது
என் பக்கம் மட்டும்தான் லேசா?"

கணக்குப்பொறியைத் தட்டினேன்.
ஒரு கிலோ,
ஆயிரத்துத் தொண்ணூற்றெட்டு மில்லி, கொசுறு.
முப்பத்தாறு குப்பி நிரம்பி
முப்பத்தேழாவது பாதி தாண்டும்.
லிட்டர் என்றால் முப்பத்துமூன்றோடு நின்றிருக்கும்.

திருட்டு இல்லை மெமே, இது பெருக்கல்.
வெயிலில் எண்ணெய் பொங்கும், குளிரில் ஒடுங்கும்.
ஜூன் விடியலில் நீங்கள் வாய்வரை நிரப்பியது
நண்பகல் லாரியில் வழிகிறதே, பார்த்ததில்லையா?
எடை ஒன்றுதான் காலையும் மாலையும் ஒரே பேச்சுப் பேசும்.
அதனால்தான் நிறுக்கிறோம்.

சொன்னதெல்லாம் உண்மை.
ஆனாலும் குப்பியை மேசையில் வைக்க முடியாமல்
கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

"நிறு, வேண்டாம் என்று சொன்னேனா?
பலகையில் கிலோ விலை எழுதியிருக்கிறாயே,
அதன் கீழே லிட்டர் விலையும் எழுது.
வீட்டில் எங்களிடம் இருப்பது லிட்டர்."

மேலாளரைக் கேட்க வேண்டும் என்றேன்.
"சாக்குக்கட்டிக்கு அவர் எதற்கு?"

சிறிய எண்தான்.
பெரிய எண்ணுக்குக் கீழே, ஈரத் துணியால் துடைத்த இடத்தில்,
எழுதும்போது பதினோரு பெண்களும்
வாய்விட்டுப் படித்தார்கள்.

அதற்குள் கடைசிப் பெண்ணின் கேன்
வாசல் வெயிலில் வழியத் தொடங்கியிருந்தது.
தூயாகூலா குனிந்து
கழுத்தோரம் நின்றதை விரலால் முகந்து
இரண்டு கன்னத்திலும் தேய்த்துக்கொண்டாள்.

"இதை எதில் எழுதுவாய்?"