கண்ணாடிக்குள் முப்பத்தெட்டுச் சதுர மீட்டர்

மூன்று காலில் நின்று
தலையை மட்டும் சுற்றும் கருவி அது.
லெபோ பாசார் சவரக்கடையில் அதை நிறுத்திவிட்டு
நாலு நிமிஷம் யாரும் அசையக்கூடாது என்றான் பைசூல்.
வைரக்கண்ணு அசையவில்லை. கத்தி காற்றில் நின்றது.
நாற்காலியில் டாக்சிக்கார இயோ,
ஒரு கன்னம் நுரை, ஒரு கன்னம் தோல்.
மின்விசிறிதான் சொல்பேச்சுக் கேட்கவில்லை.

இரவு பட்டர்வொர்த்தில் என் அறையில்
கடை திறந்துகொண்டது
நாலு கோடிப் புள்ளிகளாக.
ஓடு புள்ளி. உத்திரம் புள்ளி.
சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில்
உதிர்ந்ததன் ஓரமும் புள்ளி.
திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
மேற்குச் சுவருக்கு அப்பால் இன்னொரு கடை!

அங்கே சியாவின் காகிதக் குதிரைகள் அல்லவா
எரிபடக் காத்திருக்க வேண்டும்?
இருந்தது ஒரு நாற்காலி.
அதில் ஓர் இயோ, நுரை மாறிய கன்னத்தோடு.
ஒரு வைரக்கண்ணு, இடக்கையில் கத்தியோடு.
நாட்காட்டியில் எண்கள் முதுகு காட்டி நின்றன.

கதிருக்குக் கண்ணாடி தெரியாது.
போய்வந்த நேரத்தை நேர்க்கோடாக நம்பிவிடும்.
சுவர் நீளத்துக்கு ரசக்கண்ணாடி மாட்டியவனுக்கு
இன்னொரு வீட்டையே எழுதிக் கொடுத்துவிடும்.

இதற்கு இரைச்சல் என்று பெயர். அழிப்பது விதி.
நான் அழிக்கவில்லை.
தனி அடுக்கில் போட்டு, அடுக்கின் விளக்கை அணைத்தேன்.
ஏன் என்று கேட்காதீர்கள். மணி ஒன்றரை.

பிறகு சுவர் எழுப்பும் வேலை.
மென்பொருளிடம் இருப்பவை எல்லாம் நேரான சுவர்கள்.
இந்தச் சுவரோ சியா பக்கம் நாற்பத்துமூன்று மில்லிமீட்டர்
சாய்ந்து எதையோ ஒட்டுக் கேட்கிறது.
சாய்த்தே வரைந்தேன்.
கட்டிய ஆண்டு? தெரியவில்லை.
பூச்சு? மூன்று, அடியில் நான்காவதும் இருக்கலாம்.
கட்டங்கள் நிரம்பாமல் கோப்பு மூடாது.

"என் நாக்காலி வருமா அதுல?"
வைரக்கண்ணு கேட்டார்.
அசையும் பொருள், வராது என்றேன்.
"நாலு போல்ட்டு போட்டு முடுக்கியிருக்கேன்மா.
முப்பத்தொரு வருசமா நாந்தான் அதைச் சுத்தி அசையுறேன்."

போய் மறுபடி பார்த்தேன்.
நாற்காலியைச் சுற்றித் தரையில் ஒரு வளையம்,
ஒரு தட்டையின் விளிம்பு போல,
ஆறு மில்லிமீட்டர் ஆழம்.
பத்துக்குக் கீழே எதுவும் சமதளம்தான்
என்கிறது ஒப்பந்தத்தின் ஏழாவது பக்கம்.

வாடகை ஏறியது. அவர் ஜெலுத்தோங்குக்குப் போய்விட்டார்,
நாற்காலி, கண்ணாடி, நாட்காட்டி எல்லாம் ஏற்றிக்கொண்டு.
நான் வருத்தப்பட்டது அவருக்குச் சிரிப்பாக இருந்தது.
"அங்க கார் நிறுத்த இடம் இருக்கும்மா."

ஏலப்புள்ளிக் கூட்டம்.
குத்தகைக்காரர் ஒருவர்
எல்லா அடுக்கிலும் விளக்கேற்றிக் கணக்கெடுத்திருந்தார்.
மேற்கு அறை, சுண்ணாம்புப் பூச்சு,
முப்பத்தெட்டுச் சதுர மீட்டர்,
பதினோராயிரத்து நானூறு ரிங்கிட்.
அறைக்கு வாசல் இல்லாததால்
புதுக் கதவொன்றுக்கும் விலை போட்டிருந்தார்.
ரோஸ்னானி முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும்.
பிறகு என்னைப் பார்த்தார்கள்.

மன்னிப்புக் கடிதத்தை ஒரு பத்தியில் முடித்தேன்.
அறையை அழிக்கப் பதினோரு விநாடி.
முதலில் சுவர் போயிற்று, பிறகு இடக்கை,
விசிறியின் கலைந்த வட்டம்,
கடைசியாக, எதனாலோ, இயோவின் நுரை.

இந்தப் பக்கத்துத் தரையை மட்டும்
யாரையும் கேட்காமல் திறந்தேன்.
சமதளம் என்பதை எடுத்துவிட்டு
வளையத்தைப் புள்ளி புள்ளியாகத் தாழ்த்தினேன்.
சிமெண்ட் ஊற்றி நிரவிவிடுவார்கள், தெரியும்.
கோப்பில் யாராவது தடுக்கிக் கேட்டால்
குறிப்புக் கட்டத்தில் இருப்பது ஒரே வரி:
அளந்தேன், இருந்தது.