மூன்றாவது துளை

லெபோ சூலியாவில் பதினாறு அறை விடுதி.
இரவுக் கவுண்டர் என்னுடையது.
மேசைக்கடியில் ஒரு மைலோ டின்,
பத்து வெள்ளி முன்பணத்துக்கு
இரவல் கொடுக்கும் அடாப்டர்கள் அதில்.
பாதிப்பேர் வெள்ளியை மறந்து
அதோடு விமானம் ஏறிவிடுவார்கள்.
மீதிப்பேர் தங்களுடையதையும்
சுவரிலேயே விட்டுப் போவார்கள்.
கணக்கு எப்படியோ நேராகிவிடும்.

அன்றைக்கு டின் காலி.
பள்ளி விடுமுறை, விடாத மழை.

இரண்டேகால் மணிக்கு இறங்கி வந்தாள்
ஒன்பதாம் அறை.
பதிவேட்டுக் கட்டத்துக்குள் அடங்காமல்
அடுத்த கட்டத்தில் கால் வைத்த பெயர்:
சண்முகவடிவு, தூத்துக்குடி.
ஒரு கை துப்பட்டாவை மார்போடு இறுக்கியிருந்தது.
மறு கையில் ஒயர்,
முனையில் உருண்டைக் கால் இரண்டு.

"அக்கா, உங்க ஊரு பிளக்குல நுழைய மாட்டேங்கு."

போன்தானே, என் சார்ஜரை எடுத்துக்கோ என்றேன்.
ஒயரின் அந்தப் பக்கத்தைத் தூக்கிக் காட்டினாள்.
பால் எடுக்கிற மிஷின்.
"ஏழு மாசம். அவங்க அப்பாட்ட விட்டுட்டு வந்தேன்.
மத்தியானத்துல இருந்து கல்லா கிடக்கு."

எங்கள் ஊர்ச் சுவருக்கு மூன்று துளை.
மின்சாரம் கீழே இரண்டில்தான்,
உள்ளே கதவு சாத்தியிருக்கும்.
மேல் துளையில் ஒன்றும் ஓடாது.
ஆனால் அதில் ஏதாவது நுழைந்தால்தான்
கீழ்க் கதவு திறக்கும்.

இரவு தின்ற குவே தியாவ் பொட்டலத்தில்
மூங்கில் குச்சி ஒன்று பிரிக்காமல் கிடந்தது.
செய்யாதே என்று முதலாளி ஒட்டிய தாள்
என் தலைக்கு நேர் மேலேதான்.
சுவிட்சை அணைத்தேன்.
குச்சி மேலே, உருண்டைக் கால்கள் கீழே.
சுவிட்சைப் போட்டேன்.

மிஷின் முனகத் தொடங்கியது.
அவளுக்கு முதுகைக் காட்டி
வாசலைப் பார்த்து உட்கார்ந்தேன்.
ஒரு குடிகாரனை மழைக்குள்ளேயே நிறுத்தி வைத்தேன்.
பின்னால் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக
இளகுவது கேட்டது.

நூற்றுப் பத்து மில்லி.
"கொட்டிருங்க அக்கா."
சரி என்றேன்.
மூடியில் ஒன்பது என்று எழுதி
பீர் டின்களுக்கு நடுவே வைத்தேன்.

பசியாறும் நேரத்துக்குள் டாக்சி வந்து
அவள் போய்விட்டாள்.
மறுநாள் இரவு வேலைக்கு வந்தபோது
பகல் ஷிப்டு ரொசிதா
மைலோ டின்னில் குச்சி எதற்கென்று கேட்கவில்லை.
இந்தப் பால் யாருடையது என்றாள்.
ஒன்பதாம் அறை என்றேன்.
ஒன்பதில் இப்போது
இரண்டு ஜெர்மன்காரர்கள்.
உருண்டைக் கால் ஒயரோடு
என் முன்னால் நிற்கிறார்கள்.