மைனஸ் இரண்டு

வானொலியில் அந்தப் பெண்
ரயில் தாமதம் என்பது போல்தான் சொன்னாள்:
மொராவா ஆற்றோரம் இன்றிரவு மைனஸ் இரண்டு.

ஓத்தகார் ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.
அலமாரி திறக்கும் சத்தம்.
முதலில் பழைய போர்வை, பிறகு மேசை விரிப்பு,
பிறகு, நான் பார்த்துக்கொண்டே இருக்க,
எங்கள் கட்டிலின் விரிப்பு.
"தலையணை உறை மட்டும் என்ன பாவம் செய்தது?" என்றேன்.
அதையும் எடுத்துக்கொண்டார்.

முப்பத்தொரு வருடம் டிராம் ஓட்டியவர்,
தண்டவாளம் விட்டு ஒரு விரல் விலகாதவர்,
இருட்டில் நூல்கோல் பாத்தியை மிதித்துக்கொண்டு ஓடுகிறார்.

நான் டார்ச் பிடித்தேன்.
பதினான்கு டேலியாச் செடிகள்.
அதில் ஒன்று, சீவிய பீட்ரூட் நிறம், தட்டளவு பூ,
கனம் தாங்காத அதன் கழுத்தைக்
கம்போடு சேர்த்துக் கட்டியிருந்தது என் காலுறை.
ஆகஸ்டிலிருந்து தேடிக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொன்றுக்கும் துணி போர்த்திக் கவ்வி மாட்டினார்.
வேலிக்கு அப்பால் யர்மிலா சன்னலைத் திறந்து
"யார் வந்திருக்கிறார்கள் இந்நேரத்துக்கு?" என்றாள்.
வெள்ளை வெள்ளையாய்ப் பதினான்கு பேர்
தோட்டத்தில் நின்றார்கள்.

தக்காளிக்குத் துணி மிஞ்சவில்லை.
பச்சையாகவே பறித்தேன், விரல் மரத்துப்போக.
வாளியில் கூழாங்கல் சத்தம்.
காம்பின் வாசனை மட்டும் இன்னும் ஜூலையில் இருந்தது.
ஜினியாக்களை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.
"விதை போட்டால் வந்துவிடும்."
நியாயம்தான்.
ஆனாலும் அவற்றின் மேல்
டார்ச்சைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தேன்.

வெறும் மெத்தையில் கோட்டோடு படுத்தோம்.
மூன்று மணிக்கு எழுந்து கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார்.
நாலரைக்கு மறுபடி.
நான் பிள்ளை பெற்ற இரவில்
டிப்போவில் நிம்மதியாகத் தூங்கிய மனிதர்.

காலையில் புல் காலடியில் நொறுங்கியது.
ஜினியா, வேகவைத்த கீரை.
பரங்கி இலைகள் ஈரச் சாக்கு.
நூல்கோல் மட்டும்
யாருக்கோ நடந்த விஷயம் போல உட்கார்ந்திருந்தது.

பலகையாய் விறைத்த விரிப்புகளை
ஒன்றொன்றாய்த் தூக்கினார்.
மஞ்சள், சிவப்பு, வெள்ளை, பதின்மூன்றும் நலம்.
பீட்ரூட் நிறத்துக்காரிதான்.
குளிர் இல்லை, விரிப்பின் பாரம்.
கழுத்தில் முறிந்து கிடந்தாள்.
கம்பில் என் காலுறை.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
காலுறையை அவிழ்த்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.
பூவைச் சூப்புக் கிண்ணத்தில் மிதக்கவிட்டேன்.
மேசையில் இடமில்லை, எங்கும் பச்சைத் தக்காளி.

பத்து மணி வெயிலில்
விரிப்புகள் கொடியில் சொட்டிக்கொண்டிருக்க
தக்காளி நின்ற இடத்தில் பூண்டு ஊன்றத் தொடங்கினார்.
பல் பல்லாய், முனை மேலே பார்க்க, ஒரு சாண் விட்டு,
தண்டவாளம் போல நேராக.

"இன்றைக்கும் விரிப்பு வேண்டுமா?" என்றேன்.
மண் கையோடு
யோசித்தார்.