நாலு மணி வெயில்

பதினோரு வருடம், திங்கட்கிழமைக்கு ஒரு தாள்.
சலவைக்கடையில், காத்திருப்போர் பெஞ்சுக்கு மேலே
கொடி கட்டி, துணிக் கிளிப்பில் தொங்கவிட்டாள் நோல்ஃபா.
துவைத்து முடிய நாற்பது நிமிடம்.
அதற்குள் படித்து முடிகிற நீளம்.

அவிழ்த்த தாள்கள் சோப்புத்தூள் வந்த அட்டைப்பெட்டியில்.
ஐந்நூற்று எழுபத்திரண்டு.
எண்ணியது மைத்துனன் எலெவுத்தேரியோ;
எதையாவது எண்ணாவிட்டால் அவனுக்குப் பொழுது போகாது.

குன்றின் மேலே புதுக் குடியிருப்பு வந்தது.
நாற்பது வீடு, நாற்பது பால்கனி.
படியிறங்குகிறவர்கள் கடையைத் தாண்டிப் போனார்கள்,
வால்பராய்ஸோவில் கடலைத் தாண்டிப் போவது போல:
இருக்கிறது, தெரியும், திரும்பிப் பார்ப்பதில்லை.

"நல்லதாகப் பொறுக்கிக் கண்ணாடியில் ஒட்டு,
எழுத்து தெருவைப் பார்க்கட்டும்" என்றான் எலெவுத்தேரியோ.

நல்லது எது?
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான்.
ஆனால் இந்தப் பானையில்
சில பருக்கை குழைந்துவிட்டது,
சில இன்னும் அரிசி.

மூன்று இரவு, தரையெல்லாம் தாள்.
கடல்மூட்டம் பற்றியதுதான் தன் உச்சம் என்று
இத்தனை நாளும் நம்பியிருந்தாள்.
எடுத்துப் படித்தாள்.
ஒன்பது அடைமொழி இருந்தது.
மூட்டத்தைக் காணோம்.

"நான் அழுதேனே, அதை வை" என்றாள் மீன்கடை ரொசெந்தா,
"வாளித் தண்ணீரில் நிலா வருமே."
அப்படியொரு வாளியை எழுதிய நினைவே இல்லை.
பெட்டியிலும் இல்லை.
எலெவுத்தேரியோவுக்குத் தான் வருகிற தாள் வேண்டும்.
அதில் அவன் கடன்காரன். பரவாயில்லையாம்.

கடைசியில் ஏழு.
நிலநடுக்கத்தன்று சலவை இயந்திரங்கள்
வாசல்வரை நடந்து வந்தது.
எவரும் திரும்ப வாங்காத கல்யாணச் சட்டை.
குன்றேறும் பெட்டியில் சீட்டில்லாமல் பயணிக்கிற நாய்.
கப்பல்காரனின் சட்டைப்பை.
மற்ற மூன்றும் எண்ணிக்கைக்கு. அவளுக்கும் தெரியும்.

பெண் பார்க்க வருகிறார்கள் என்பது போல
ஏழையும் மிதமான சூட்டில் இஸ்திரி போட்டாள்.

முதல் வாரம் ஒரு சிறுவன்
கண்ணாடியைத் தட்டி இரண்டு எழுத்துப்பிழை சொன்னான்.
ஒரு தம்பதி படிப்பது போல நின்று
கண்ணாடியில் தலை சீவிக்கொண்டார்கள்.
ஒரு மனிதர் மட்டும் ஏழையும்
நிறுத்தி நிதானமாகப் படித்தார்,
தொப்பியைச் சரிசெய்தார், போய்விட்டார்.
அன்று மாலை முழுக்க அவரை வெறுத்தாள்.

பிப்ரவரி. மேற்கு பார்த்த கண்ணாடி.
நாலு மணி வெயிலுக்கு நீல மை என்றால் உயிர்.
தலைப்புகள் போயின, பிறகு ஓரங்கள்,
பிறகு நடுவில் அங்கங்கே ஒரு வாய்.
பொறுக்கி எடுத்ததெல்லாம் வெளுத்தது.
வெளுப்பதே தொழிலானவளுக்கு
இது தெரிந்திருக்க வேண்டாமா?
பெட்டியின் இருட்டில் மற்றவை எழுதிய நாள் போலவே,
மூட்டத்தின் ஒன்பது அடைமொழியும் பளிச்சென்று.

கழற்றிவிடலாம் என்று ஸ்டூல் போட்ட அன்று
கதவு திறந்தது.
முப்பது வயதிருக்கும். கையில் ஒரேயொரு தலையணை உறை.
"அந்த நாலாவது தாள்.
கப்பல்காரன் பையில் என்னதான் இருந்தது?
அந்த வரி போய்விட்டது.
தூக்கம் கெட்டது என்று பொய் சொல்லமாட்டேன்,
ஆனால் படியேறும்போதெல்லாம் ஞாபகம் வருகிறது."

நோல்ஃபா வாயைத் திறந்தாள், மூடினாள்.
சாவி என்று எழுதினாளா? பல் என்றா?
சாவியாகத்தான் இருக்கும்.
பல்லாக இருந்தால் நன்றாயிருக்கும்.

"ஒற்றை உறைக்கெல்லாம் இயந்திரம் ஓட்டுவதில்லை" என்றாள்.
பிறகு, "சரி, போடு. நாற்பது நிமிடம்."
அட்டைப்பெட்டியைக் காலால் பெஞ்சுப் பக்கம் தள்ளினாள்.

வந்தவள் மேலே இருந்ததை எடுக்கவில்லை.
நடுவில் கைவிட்டு ஒன்றை உருவினாள்:
சோப்புத்தூள் விலையேற்றம்,
பாதிப் பக்கத்தில் நின்றுபோனது.
அதைத்தான் மடியில் வைத்துப் படிக்கிறாள்.
நோல்ஃபா மடித்த துண்டையே
திரும்பவும் பிரித்து மடித்தபடி
அவள் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.